கடல் அட்டை அட்டையல்ல: கடல் உயிர்களை எப்படிப் பிரிக்கிறார்கள், ஏன் பிரிக்கிறார்கள்?

பள்ளியில் உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் கேட்ட கேள்வி இது: பவளம் கல்லா, செடியா, விலங்கா? கடல் பாசியும் கடல் புல்லும் ஒன்றுதானா? கடல் அட்டை, கடல் குதிரை, நட்சத்திர மீன் என்று நாம் பெயர் வைத்திருக்கிறோமே, அறிவியல் இவற்றை எந்த அடிப்படையில் பிரிக்கிறது? அப்படிப் பிரித்து வைப்பதால் மன்னார் வளைகுடா போன்ற ஓர் இடத்தைக் காப்பதற்கு உண்மையில் ஏதாவது பயன் உண்டா?

கடைசிக் கேள்விதான் முக்கியமானது என்று நினைக்கிறேன். மற்றவற்றுக்கும் அதன் வழியாகவே பதில் சொல்ல முயல்கிறேன். ஊருக்குப் புதிதாக வந்த ஒருவரைப் பற்றி நம் பெரியவர்கள் இரண்டு கேள்விகள் கேட்பார்கள்: யார் வீட்டுப் பிள்ளை, எங்கே குடியிருக்கிறார்? கடல் உயிர் ஒன்றைப் புரிந்துகொள்ளவும் இவ்விரண்டும் வேண்டும். முதல் கேள்விக்கு விடை சொல்வது வகைப்பாட்டியல். அது பிறப்புவழி உறவைச் சொல்கிறது. இரண்டாவதற்கு விடை சொல்வது சூழலியல். அது அண்டை வீட்டாரைச் சொல்கிறது. இவற்றில் ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு கடலைக் காக்கப் புறப்பட்டால் பிழை நேரும், நேர்ந்தும் இருக்கிறது.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். தமிழில் 'மீன்' என்ற சொல் மிகவும் தாராளமானது. வானத்தில் மின்னுவதும் மீன். வலையில் வருவதில் பாதியும் மீன். சந்தையில் கணவாய் மீன் என்கிறோம். அது நத்தைக்கும் சிப்பிக்கும் உறவான மெல்லுடலி. சொறி மீன் (ஜெல்லி மீன்) என்கிறோம். அது பவளத்துக்கு உறவான குழியுடலி. நட்சத்திர மீன் முட்தோலி. ஓங்கல் (டால்பின்) நம்மைப் போலப் பால் கொடுக்கும் விலங்கு. ஆனால் பெயரில் குதிரையாக இருக்கும் கடல் குதிரை உண்மையிலேயே மீன்தான். செவுளும் முதுகெலும்பும் துடுப்பும் கொண்ட அசல் மீன். பெண் இடும் முட்டைகளை ஆண் தன் வயிற்றுப் பையில் சுமந்து குஞ்சு பொரிக்கிறது என்பதால் அது மீன் இல்லாமல் போய்விடாது. மக்கள் பெயர் வைப்பது தோற்றத்தையும் பயனையும் பார்த்து; அதில் தவறு ஏதுமில்லை. ஆனால் உறவை அறிய உடலைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

இதற்கு நான் அறிந்தவற்றில் மிகத் தெளிவான சான்று கடல் அட்டை. மண்டபம் கரையில் வற்றம் நன்றாக வாங்கிய ஒரு காலைப் பொழுதில், முழங்கால் ஆழத் தண்ணீரில் மணல் ஒட்டிக் கிடந்த ஒன்றை மாணவர்களுக்குக் காட்டியது நினைவிருக்கிறது. தொடுவதற்குத் தோல் செருப்பைப் போல இருந்தது. ஒரு முனையில் வாயைச் சுற்றிக் குட்டையான உணர்நீட்சிகள். அவற்றால் மணலை அள்ளி விழுங்கி, அதில் ஒட்டியிருக்கும் அழுகல் துணுக்குகளையும் நுண்ணுயிர்களையும் செரித்துக்கொண்டு, கழுவிய மணலை மறுமுனையில் வெளியே விடுகிறது. உருவத்தைப் பார்த்து 'அட்டை' என்று பெயரிட்டது இயல்புதான். ஆனால் வயல் அட்டையின் உடலில் இருக்கும் வளையங்கள் இதில் இல்லை. குறுக்கே வெட்டினால் தசைப் பட்டைகள் ஐந்து தெரியும். நட்சத்திர மீனின் ஐந்து கைகளும் கடல் முள்ளெலியின் ஓட்டில் இருக்கும் ஐந்து வரிசைகளும் இதே கணக்குதான். நட்சத்திர மீனை நீளவாக்கில் இழுத்து, பக்கவாட்டில் கிடத்தி, முட்களை நீக்கிவிட்டால் எப்படியிருக்குமோ அப்படிப்பட்ட உடல் அது.

உறவு இதோடு நிற்கவில்லை. கருவளர்ச்சியின் தொடக்கத்தில் தோன்றும் முதல் துளை, முட்தோலிகளிலும் முதுகெலும்புள்ள நம்மிலும் மலவாய்ப் பக்கமாக அமைகிறது. வாய் பிறகு தனியாகத் திறக்கிறது. இன்று மரபணு ஒப்பீடும் அந்த உறவை உறுதி செய்கிறது. ஆகவே கடல் அட்டைக்கு வயல் அட்டையைவிட மனிதன்தான் நெருங்கிய உறவு. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். மறுக்கட்டும், அந்த மறுப்பிலிருந்துதான் பாடம் தொடங்க வேண்டும்.

இதில் சட்டமும் சம்பந்தப்பட்டிருக்கிறது. 2001-இல் கடல் அட்டைகள் அனைத்தையும், பவளங்கள், கடல் குதிரைகள் ஆகியவற்றோடு சேர்த்து, இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிகக் கடுமையான பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் வைத்தார்கள். அதே உயிரை பாக் நீரிணைக்கு அப்பால், இலங்கையின் வடக்குக் கரையில், பண்ணை அமைத்து வளர்த்து ஏற்றுமதி செய்வது சட்டப்படியான தொழில். வேக வைத்து உலர்த்திய ஒரு துண்டு பிடிபட்டால் அது எந்த இனம் என்று எப்படிச் சொல்வது? நகத்தளவு தோலை எடுத்து, துணி வெளுக்கும் திரவத்தில் ஊற வைத்தால் சதை கரைந்து, கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துகள்கள் அடியில் தங்கும். நுண்ணோக்கியில் அவற்றைப் பார்க்கும்போது சில, கால்கள் வைத்த மேசைகளைப் போலவும் சில, துளையிட்ட சட்டைப் பொத்தான்களைப் போலவும் இருக்கும். ஒவ்வோர் இனத்துக்கும் இந்த மேசைகளும் பொத்தான்களும் சேரும் விதம் வேறு. ஹோலோதூரியா ஸ்காப்ரா எனப்படும் வெள்ளை அட்டையின் பொத்தான்களில் முடிச்சு முடிச்சாக மேடுகள் இருக்கும். வகைப்பாட்டியல் என்றதும் அலமாரியில் புட்டிகளை அடுக்கும் வேலை என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் நான் காட்ட விரும்புவேன்.

இனி அடுக்குமுறை பற்றிச் சுருக்கமாக. ஸ்வீடனின் இயற்கை ஆய்வாளர் லின்னேயஸ் எழுதிய 'சிஸ்டமா நேச்சுரே' என்ற நூலின், 1758-இல் வெளியான பத்தாம் பதிப்பிலிருந்துதான் விலங்குகளின் அறிவியல் பெயர்கள் கணக்கில் கொள்ளப்படுகின்றன. திமிங்கலங்களை மீன்களிலிருந்து பிரித்துப் பாலூட்டிகளோடு அவர் சேர்த்ததும் அந்தப் பதிப்பில்தான். தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்ற படிகள் நம் பாடநூல்களில் இருக்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்வதில் பெரிய பயன் இல்லை. கவனிக்க வேண்டியது தொகுதி என்ற படியைத்தான், ஏனென்றால் அது உடலின் அடிப்படைக் கட்டுமானத்தைக் குறிக்கிறது. விலங்குகளின் முப்பத்துச் சொச்சம் தொகுதிகளில் பெரும்பாலானவை கடலில் இருக்கின்றன. முட்தோலிகளைப் போலப் பல தொகுதிகள் கடலைத் தவிர வேறெங்கும் இல்லை. நிலத்தில் மட்டுமே வாழும் தொகுதி என்று இன்று சொல்லத்தக்கது வெல்வெட் புழுக்கள் என்ற ஒன்றே. காட்டில் இனங்களின் எண்ணிக்கை மிகுதி என்பது உண்மை. ஆனால் அவற்றில் பெரும்பகுதி பூச்சிகள், அதாவது ஒரே கட்டுமானத்தின் எண்ணற்ற வேறுபாடுகள். கட்டுமானங்களின் பன்மையைப் பார்க்க விரும்புபவர் கடலுக்குத்தான் வர வேண்டும்.

தமிழில் இதற்கொரு பழைய முயற்சி உண்டு. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பிரிக்கிறது: புல்லும் மரமும் ஓரறிவு, நந்தும் (நத்தை) முரளும் (சிப்பி) ஈரறிவு, சிதலும் (கரையான்) எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நான்கறிவு. நண்டையும் தும்பியையும் ஒரே வரியில் பார்க்கும் விலங்கியல்காரருக்கு மனம் மகிழத்தான் செய்யும், இரண்டும் கணுக்காலிகள் என்பதால். ஆனால் எறும்பும் சிதலும் கணுக்காலிகளே. அவை வேறு வரியில் இருக்கின்றன. அது புலன்களை வைத்துச் செய்த பிரிவு; இன்றைய பிரிவு வம்சாவழியை வைத்துச் செய்வது. இரண்டையும் குழப்பி, பின்னதை முன்னதில் தேடுவது அந்த நூலுக்கும் நியாயம் செய்வதாகாது.

வம்சாவழி பற்றிய நம் கருத்து அவ்வப்போது மாறும் என்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும். மன்னார் வளைகுடாவில் உள்ள குருசடைத் தீவின் மணலில் புதைந்து வாழும் ஏகோர்ன் புழுவைக் காண்பதற்காகவே விலங்கியல் மாணவர்கள் பல தலைமுறைகளாக அங்கே போயிருக்கிறார்கள். மருந்துக்கடை அயோடின் போன்ற நெடி அடிக்கும், தொட்டால் அறுந்துவிடும் மென்மையான புழு அது. அதன் தொண்டைக்கு மேலுள்ள குட்டையான தண்டு நம் முதுகுநாணைப் போன்றது என்று கருதி அரைநாணி என்று பெயரிட்டார்கள். ஆனால் அதன் இளவுயிரி நட்சத்திர மீனின் இளவுயிரியைப் போலவே இருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் அதை முதலில் கண்டவர் நட்சத்திர மீனின் குஞ்சு என்றே எண்ணிவிட்டார். இன்றைய மரபணுச் சான்று, அரைநாணிகள் நமக்கு இருப்பதைவிட முட்தோலிகளுக்கே நெருக்கம் என்கிறது. பெயர் பழையபடி இருக்க, உறவு இடம் மாறிவிட்டது.

பாசிக்கும் புல்லுக்கும் வருகிறேன். ராமநாதபுரம் கரையில் பாசி எடுக்கும் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி அணிந்து, இடுப்பில் பையோடு கல்லுக்குக் கல் மூழ்கி எடுப்பார்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடா என்று தனித்தனியாகப் பிரிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் விலை வேறு. ஒரு மாணவன், "அக்கா, இதை முழுசாப் பிடுங்கிடலாமா?" என்று கேட்டதற்கு, "அடியை விட்டுட்டு எடு தம்பி, மறுபடி தழையணும்ல" என்று பதில் வந்தது. அவர்களுடைய பிரிவு விலைப் பிரிவுதான். ஆனாலும் அது உறவோடு அழகாகப் பொருந்துகிறது. அகர் என்ற கூழ்ப்பொருளைத் தரும் மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் சிவப்புப் பாசிகள். ஆல்ஜினேட் என்ற வேறொரு கூழ்ப்பொருளைத் தரும் கட்டக்கோரையும் பக்கோடாவும் பழுப்புப் பாசிகள். செல்சுவரில் இருக்கும் பொருள் வேறாக இருப்பதற்குக் காரணம், வம்சம் வேறாக இருப்பதே. அந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்றால், இன்றைய பெரும்பான்மைக் கருத்துப்படி சிவப்புப் பாசிகளும் பச்சைப் பாசிகளும் தரைச் செடிகளும் ஒரு பெருங்கிளை. பழுப்புப் பாசிகளோ டயட்டம் என்ற நுண்பாசிகளோடு சேர்ந்த வேறொரு கிளை. மரிக்கொழுந்துப் பாசிக்கு, தன் அருகிலேயே அதே கல்லில் முளைத்திருக்கும் கட்டக்கோரையைவிடக் கரையில் நிற்கும் வேப்பமரம் நெருங்கிய உறவு.

கடல் புல் இவை எதிலும் சேராது. கரையோர மக்கள் தாழை என்று அழைக்கும் அது வேரும் தண்டும் இலையும் பூவும் விதையும் உடைய முழுமையான பூக்கும் செடி. தரையில் வாழ்ந்த செடிகளிலிருந்து கடலுக்குத் திரும்பிய வம்சம் அது. வண்டும் காற்றும் இல்லாத இடத்தில் மகரந்தத்தை நீரோட்டத்திலேயே அனுப்புகிறது. பல இனங்களில் அந்த மகரந்தம் உருண்டையாக இல்லாமல் நூல் இழையைப் போல நீண்டிருக்கும். உலகம் முழுவதிலும் ஏறத்தாழ 70 இனங்கள்தாம் உண்டு. பாசி கல்லைப் பற்றிக்கொள்கிறது, தாழை மணலில் வேரோடுகிறது என்ற ஒரே வேறுபாட்டிலிருந்து பல விளைவுகள் பிறக்கின்றன: தாழைப் படுகை மணலைப் பிடித்து வைக்கிறது, நீரைத் தெளிய வைக்கிறது, இறாலுக்கும் நண்டுக்கும் மீன்குஞ்சுக்கும் நாற்றங்கால் ஆகிறது.

பவளம் என்பது விலங்கு. சொறி மீனுக்கும் கடல் சாமந்திக்கும் உறவு. கல்லாக நாம் பார்ப்பது வீடு; வீட்டுக்காரர் சில மில்லிமீட்டர் அளவுள்ள, வாயைச் சுற்றி உணர்நீட்சிகள் கொண்ட சிறு உயிர். அதன் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பவளத்தின் உணவில் பெரும்பகுதியை அவை வெயிலிலிருந்து சமைத்துத் தருகின்றன. ஆகவே விலங்கா, செடியா, கல்லா என்ற கேள்விக்கு நேர்மையான பதில், விலங்கு ஒன்று தனக்குள் பாசியைக் குடிவைத்துக் கல் கட்டுகிறது என்பதே. கோடையில் நீரின் வெப்பம் வழக்கத்தைவிடச் சற்று உயர்ந்து வாரக்கணக்கில் நீடித்தால் இந்தக் குடித்தனம் குலைகிறது; பாசிகள் வெளியேற்றப்பட்டு, நிறமற்ற திசுவின் வழியே வெள்ளை எலும்புக்கூடு தெரிகிறது. மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் அப்படி நடந்தது. வெளுத்த பவளம் உடனே இறப்பதில்லை; வெப்பம் தணிந்தால் பாசி திரும்பி வரக்கூடும். பட்டினி நீண்டால் இறக்கிறது.

இங்கேதான் அண்டை வீட்டுக் கேள்வி வருகிறது. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் சங்கிலியாகக் கிடக்கும் 21 தீவுகள் பவளச் சிதைவாலும் சுண்ணாம்பு மணலாலும் ஆனவை. 1986-இல் அவையும் சுற்றியுள்ள ஆழமற்ற கடலும் தேசியப் பூங்காவாயின, 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. ஆனால் அதற்கு முன்பும் பின்பும் பல ஆண்டுகளாக முருகைக்கல்லை, அதாவது பவளக்கல்லை, சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி எடுத்தார்கள். கல் என்று நினைத்ததால்தானே வெட்டினோம்? அலையைத் தடுத்த மதில் போனதும் மண் கரைந்தது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரு தீவுகள் நீருக்கு அடியில் போய்விட்டன. கணக்கில் இன்னும் 21 என்றே எழுதுகிறோம்.

வேறொரு பிழை இதற்கு நேர் எதிர்த் திசையில் நடந்தது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கயிறு கட்டி வளர்த்த காப்பாஃபைகஸ் என்ற சிவப்புப் பாசி, குருசடைத் தீவின் பவளத்தின் மேல் படர்ந்திருப்பது 2008-இல் பதிவாயிற்று. உறவுமுறைப்படி அது நம் கரையில் உள்ள சிவப்புப் பாசிகளின் பங்காளிதான். குடும்பங்களுக்கு வருமானமும் தந்தது, அதைச் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் பங்காளி என்பதற்காகப் பக்கத்து வீட்டோடு ஒத்துப்போகும் என்று எண்ண முடியாது. கிளைப்பவளத்தின் மேல் தடித்த பாயாகப் படர்ந்து, அதற்கு வெயிலே படாமல் செய்துவிட்டது.

வகைப்பாட்டின் பயனுக்கு இன்னும் சாதாரணமான சான்று சந்தையிலேயே கிடைக்கும். நீலக்கால் நண்டு என்று விற்பதை லின்னேயஸ் காலம் முதல் ஒரே இனமாக, இன்று போர்ட்டூனஸ் பெலாஜிக்கஸ் எனப்படும் பெயரில், எழுதி வந்தார்கள். 2010-இல் வெளியான ஆய்வு, ஓட்டின் கோலம், ஆணின் இனப்பெருக்க உறுப்பு, மரபணு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து அதை நான்கு இனங்களாகப் பிரித்தது: மேற்கு இந்தியப் பெருங்கடலில் ஒன்று, வங்கக் கடல் பக்கம் ஒன்று, தென்கிழக்காசியா முதல் மேற்குப் பசிபிக் வரை ஒன்று, ஆஸ்திரேலியாவில் ஒன்று. இதனால் என்ன வந்தது என்று கேட்கலாம். எந்த அளவில் பெண் நண்டு முட்டை சுமக்கத் தொடங்குகிறது, எந்த மாதத்தில் சினையாகிறது என்பதை வைத்தே பிடிக்கத்தக்க அளவை முடிவு செய்கிறோம். ஆஸ்திரேலியாவிலிருந்து எடுத்த கணக்கு வேறோர் இனத்தின் கணக்கு என்றால், அதை இங்கே பொருத்துவதற்கு முன் நம் நண்டை நாமே அளந்து பார்க்க வேண்டும். பெயர் பிரிந்தது நூலில், விளைவு வலைக்கண்ணில்.

கடலில் இதுவரை பெயரிடப்பட்டு ஏற்கப்பட்ட இனங்கள் ஏறத்தாழ 2,40,000. 2011-இல் வெளியான ஒரு மதிப்பீடு, பாக்டீரியா வகைகளை விட்டுவிட்டே, கடலில் 22 லட்சம் இனங்கள் இருக்கலாம் என்றது. அந்த மதிப்பீடு கூடலாம், குறையலாம். நாம் வரவேற்பறையைக்கூட இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை என்பது மட்டும் மாறாது.

கடைசியாக, இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் கேட்க வைக்கும் உயிர் ஆவுளியா, அதாவது கடல் பசு. வடிவில் ஓங்கலைப் போலத் தோன்றும். ஆனால் ஓங்கலின் சொந்தம் நீர்யானையின் பக்கம், ஆவுளியாவின் சொந்தம் யானையின் பக்கம். யானையைப் போலவே அதற்கும் பால்காம்பு முன்னங்காலின் அருகில் இருக்கிறது. முதிர்ந்த ஆணுக்குத் தந்தமும் உண்டு. யானையைப் போலவே மெதுவான வாழ்க்கை: கர்ப்பம் ஓர் ஆண்டுக்கு மேல், ஒரு நேரத்தில் ஒரே கன்று, அடுத்த கன்றுக்குப் பல ஆண்டுகள். ஆகையால் வலையில் சிக்கி இறக்கும் ஒவ்வொரு தாயும் ஈடுசெய்ய முடியாத இழப்பாகிறது. வம்சம் சொல்லும் செய்தி இது.

குடியிருப்பு சொல்லும் செய்தி வேறு. ஆவுளியா தாழையை, அதிலும் மெல்லிய இலையுள்ள சிறு இனங்களை, வேரோடு பிடுங்கித் தின்கிறது. அது மேய்ந்து போன இடத்தில், படுகையின் நடுவே ஓர் அடிக்கும் குறைவான அகலத்தில், வளைந்து வளைந்து செல்லும் வெறும் மணல் தடம் தெரியும். ஓரத்துப் புல் வேர்விட்டு அதைப் பிறகு மூடிவிடும். விலங்கைக் கண்ணால் காண்பது மிக அரிது, தடத்தைக் காணலாம். 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுக்களுக்கென அறிவித்தபோது, ஒரு விலங்கின் பெயரால் காக்கப்பட்டது உண்மையில் அந்தத் தாழைப் படுகைகள்தாம். உங்கள் மாணவர்களை அந்தக் கரைக்கு அழைத்துச் சென்றால், ஆவுளியாவைத் தேடச் சொல்ல வேண்டாம். கரையில் ஒதுங்கிய குப்பையில் ஒரு பிடி அள்ளி, எது பாசி, எது வேருள்ள தாழை என்று பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு, அந்தத் தாழை எந்த ஆழத்திலிருந்து வந்திருக்கும் என்று அங்கே வலை காயவைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெரியவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.